ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்குவதற்கு முன்னால்

அட்வென்ச்சர் பைக் வாங்கியவர்கள் முதலில் லக்கேஜ் ரேக் பற்றிக் கேட்கிறார்கள். அப்புறம் கிராஷ் கார்டு. ஜவ்வாது மலைப் பக்கம் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்ததும், "அண்ணா, இந்த ஏபிஎஸ்ஸ எப்படிண்ணா தூக்குறது?" என்று வந்து நிற்கிறார்கள். பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் சுற்றாமல் இறுகி நின்றுவிடாமல், அதாவது லாக் ஆகாமல், பார்த்துக்கொள்கிற அமைப்புதான் ஏபிஎஸ். வேலூரில் இதற்குப் பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. "இன்னாத்துக்கு யோசிக்கிற, ஃபியூஸ புடுங்கிப் போடு, மேட்டர் ஓவர்" என்பது ஒரு கட்சி. "ஏபிஎஸ்ஸில் கை வைத்தால் சாவுதான்" என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் இல்லை. மண் இறக்கத்தில் பின் சக்கரத்துக்கு ஏபிஎஸ் வேண்டாம். முன் சக்கரத்துக்குக் கட்டாயம் வேண்டும். சாவியை அணைத்துப் போட்டால் இரண்டும் தானாகத் திரும்பி வர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த மாற்றம் நம் ஊர்ப் பக்கத்துக்கு ஆகாது.

கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, கேள்வி நியாயமானதுதான். அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் மலைக்கிராமங்களுக்கு ஏறுகிற பாதைகளில் பல இடத்தில் இப்போது தார் போட்டுவிட்டார்கள். ஆனாலும் மழை அடித்துக்கொண்டு போன மண்பாதைகள் இன்னும் இருக்கின்றன. ஏறுவதில் ஒன்றும் இல்லை, இறங்குவதில்தான் வில்லங்கம். மேலே பவுடர் மாதிரி செம்மண், அதற்கு அடியில் உருண்டை உருண்டையாகச் சரளை, நடுவில் மழைத்தண்ணீர் அறுத்துவிட்ட பள்ளம். முதல் கியரில்தான் வருகிறீர்கள், ஆள் ஓடுகிற வேகம்கூட இல்லை. பின் பிரேக்கை மிதிக்கிறீர்கள். பூட்ஸுக்கு அடியில் பெடல் டக்டக்டக் என்று உதைக்கிறது, வண்டி நிற்கவில்லை. இன்னும் அழுத்தினால் இன்னும் உதைக்கிறது. வண்டி அது பாட்டுக்கு உருண்டுகொண்டே இருக்க, வளைவு கிட்டே வந்துவிடுகிறது. பிரேக்கே போச்சு என்று புது ஆட்கள் அலறுவது இந்த இடத்தில்தான். பிரேக்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஏபிஎஸ் தன் வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அது பார்க்கிற வேலை இதுதான். டிஸ்க்கை ஒட்டி, வரிசையாகத் துளை போட்ட ஓர் இரும்பு வளையம் சக்கரத்தோடு சுற்றும். டோன் ரிங் என்பார்கள். அதிலிருந்து மயிரிழை தள்ளி ஒரு சென்சார் உட்கார்ந்து, துளைகள் கடப்பதை எண்ணிக்கொண்டிருக்கும். வண்டி ஓடுகிற வேகத்துக்குப் பொருந்தாமல் ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று மெதுவானால், லாக் ஆகப்போகிறது என்று ஏபிஎஸ் யூனிட் முடிவு செய்து, அந்தச் சக்கரத்துக்குப் போகிற பிரேக் ஆயில் அழுத்தத்தைத் தளர்த்தும், உடனே மறுபடி ஏற்றும். நொடிக்குப் பல தடவை இது நடக்கும். காய்ந்த தார் ரோட்டில் டயர் ஏறக்குறைய 10 முதல் 20 சதவீதம் வழுக்கும்போதுதான் பிடி உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டி லாக் ஆனால் பிடியும் குறையும், ஹேண்டிலைத் திருப்பியும் பயன் இருக்காது. அதனால் தாரில் ஏபிஎஸ்ஸை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

சரளையில் கணக்கு வேறு. லாக் ஆன சக்கரம் மண்ணைத் தோண்டிக்கொண்டு இறங்கும். டயருக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் சரளை குவியும், அந்தக் குவியல்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. ஏபிஎஸ் சக்கரத்தை உருளவிட்டுக்கொண்டே இருந்தால் குவியல் சேராது. போதாக்குறைக்கு, இறக்கத்தில் எடை முழுக்க முன்னால் சாய்ந்து பின் சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரம் சும்மா தொட்டாலே லாக் ஆகும். லாக் ஆகும்போதெல்லாம் ஏபிஎஸ் விட்டுக்கொடுக்கும். அதனால்தான் பின் ஏபிஎஸ்ஸை அணைக்க வேண்டும் என்கிறேன். கொஞ்சம் பழகிய கால், பின் சக்கரத்தை வேண்டுமென்றே லாக் செய்து வாலைத் திருப்பி வளைவுக்குள் வண்டியை நுழைக்கும். அதற்கும் ஏபிஎஸ் குறுக்கே நிற்கிறது.

முன் சக்கரத்துக்கு இந்தச் சலுகையைக் கொடுக்காதீர்கள். பின் சக்கரம் லாக் ஆனால் வண்டி வாலை ஆட்டும், நின்றபடி ஓட்டுகிறவர் இடுப்பை அசைத்துச் சமாளிக்க அவகாசம் இருக்கிறது. முன் சக்கரம் லாக் ஆனால் என்ன நடந்தது என்று புரிவதற்கு முன்பே தரையில் கிடப்போம். சரளையில் முன் ஏபிஎஸ் நிற்கிற தூரத்தை நீட்டும் என்பது உண்மைதான். நீட்டட்டும், ஆள் வண்டி மேலேயே இருக்கிறார். "டக்கார்ல ஓடுற பைக்குல ஏபிஎஸ்ஸே இல்லண்ணா" என்று ஒரு தம்பி எப்போதும் வாதாடுவான். கரடுமுரடான பாதைகளில் நாள்கணக்கில் ஓடுகிற பந்தயம் டக்கார் ராலி. 2015-இல் அதை முடித்த முதல் இந்தியர் சி.எஸ். சந்தோஷ். அவரைப் போன்றவர்களுக்கு முன் பிரேக்கைப் பிடிக்கிற விரல் வருஷக்கணக்காகப் பயிற்சியில் ஊறியது. நாம் வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்புகிறவர்கள். அவர்களுக்கு வாய்த்தது நமக்கும் வாய்க்கும் என்று நினைப்பது ரொம்பப் பேராசை.

சரி, ஊரில் செய்கிற வேலைகளுக்கு வருவோம்.

ஃபியூஸைப் பிடுங்குவது ரொம்ப எளிது. கரண்ட் இல்லாவிட்டால் யூனிட்டுக்குள் வால்வுகள் பிரேக் ஆயிலை நேராகப் போகவிடுகிற நிலையில் நின்றுவிடும். சாதாரண டிஸ்க் பிரேக் போல வண்டி நிற்கும். அந்த வகையில் ஆபத்து இல்லை. ஆனால் போவது இரண்டு சக்கரத்தின் ஏபிஎஸ்ஸும். பின்னால் இருக்கிற தொல்லைக்காக முன்னால் இருக்கிற காவலையும் சேர்த்து அனுப்பிவிடுகிறோம்.

ஃபியூஸ் வயரை வெட்டி, ஹேண்டில் பாரில் டாகிள் ஸ்விட்ச் வைப்பது இப்போது ரொம்பப் பிரபலம். பார்க்க கம்பெனி ஃபிட்டிங் போலவே இருக்கும். எனக்கு ரொம்பப் பயம் தருவது இதுதான். கம்பெனியே கொடுக்கிற ஸ்விட்சில், சாவியை அணைத்துப் போட்டால் பெரும்பாலான வண்டிகளில் ஏபிஎஸ் மறுபடி உயிர் பெற்றுவிடும். ஒவ்வொரு தடவையும் அமுக்க வேண்டியிருக்கிறதே என்று ஆட்கள் சலித்துக்கொள்கிறார்கள், அந்தச் சலிப்பில்தான் உயிர் இருக்கிறது. டாகிள் ஸ்விட்சுக்கு ஞாபகம் கிடையாது. மலையில் அணைத்தால் அணைந்தே கிடக்கும். டீ குடித்து, கதை பேசி, ஒடுகத்தூர் தாண்டி, பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம் பெங்களூரு ஹைவேயில் நூறில் போகும்போதும் அணைந்தே இருக்கும். நூறு கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 28 மீட்டர். முன்னால் லாரி திடீரென்று பிரேக் அடிக்கிற நேரத்தில் அந்த ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை.

பின் சக்கரத்து சென்சார் பிளக்கை மட்டும் கழற்றினால் பின் ஏபிஎஸ் மட்டும் போகும் என்று சில மெக்கானிக்குகள் சத்தியம் செய்வார்கள். பெரும்பாலான யூனிட்டுகள் அப்படி வேலை செய்வதில்லை. ஒரு சென்சாரிலிருந்து தகவல் வராவிட்டால் கோளாறு என்று எடுத்துக்கொண்டு முழு ஏபிஎஸ்ஸையும் நிறுத்திவிட்டு, மீட்டரில் மஞ்சள் விளக்கைப் போட்டுவிடும். சில வண்டிகளில் ஸ்பீடோமீட்டரும் அதே சென்சாரை நம்பித்தான் ஓடுகிறது. வேகமும் காட்டாது, கிலோமீட்டரும் ஏறாது.

யூனிட்டையே கழற்றிவிட்டு, லீவர் பக்கம் இருக்கிற மாஸ்டர் சிலிண்டரிலிருந்து டிஸ்க்கைப் பிடிக்கிற காலிப்பருக்கு நேராக ஹோஸ் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்டால் எடை குறையும் என்கிறார்கள். இன்றைய பைக் ஏபிஎஸ் யூனிட் ஒரு கிலோகூட இருக்காது. தொப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேச வேண்டிய விஷயம் இது. பிறகு மனசு மாறித் திருப்பி மாட்டும்போது யூனிட்டுக்குள் காற்று சிக்கிக்கொண்டால், சும்மா லீவரை அமுக்கி அமுக்கி பிளீடிங் செய்து அதை எடுப்பது பெரும்பாடு. பல வண்டிகளில் டயக்னாஸ்டிக் கருவியை மாட்டி வால்வுகளை இயக்க வேண்டியிருக்கும். அந்தக் கருவி எல்லாப் பட்டறையிலும் இருக்காது.

வண்டி வாங்குகிற நேரத்திலேயே இதைப் பார்த்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம். 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ் கட்டாயம் என்ற விதி புது மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரலிலும் வந்தது. 2018-இல் ஏபிஎஸ்ஸோடு வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனில் அதை அணைக்க வழி இல்லை. 2020-இல் பிஎஸ்6 புகை விதிக்கு ஏற்றபடி வந்த ஹிமாலயனில் பின் ஏபிஎஸ்ஸை மட்டும் அணைக்க ஸ்விட்ச் கொடுத்தார்கள், பிறகு வந்த ஹிமாலயன் 450-இலும் அந்த வசதி இருக்கிறது. கேடிஎம் 390 அட்வென்ச்சரில் ஆஃப்ரோடு மோடு போட்டால் பின் ஏபிஎஸ் விலகிக்கொள்ளும். 2019-இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 கதை வேடிக்கையானது. அதில் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும்தான். விலையைக் குறைக்கச் செய்த சிக்கனம் என்றுதான் அப்போது பலர் பேசினார்கள். மலை இறக்கத்துக்கு அதுவே கச்சிதமாகப் பொருந்திப்போனது. அதன் நான்கு வால்வு (4வி) மாடலை 2023-இல் புதுப்பித்தபோது ரோடு, ஆஃப்ரோடு, ராலி என்று மூன்று மோடு வைத்தார்கள். ராலியில் ஏபிஎஸ் முழுவதுமாக அணைந்துவிடும். வழி தெரிந்தவர்களுக்கு மட்டும் அது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. 2019 திருத்தத்தில் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அப்படி மாற்றுகிற உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ரோட்டோரம் நிறுத்தி ஏபிஎஸ் வயரைத் தேடிப் பார்க்கிற போலீஸை நான் பார்த்ததில்லை. விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் தேடிப் பார்ப்பார்.

நம் பக்கத்து நிலவரத்தை யோசித்தால் இன்னும் தெளிவாகும். மண்ணைத் தொடுவதற்கு முன்னால் நாம் ஓட்டுகிற தூரம் பெரும்பாலும் தார்தான். சத்துவாச்சாரியிலிருந்தோ காட்பாடியிலிருந்தோ கிளம்பி, பைபாஸ், ஆட்டோ, மாடு, ஸ்கூல் வேன், எல்லாம் தாண்டித்தான் மலையடிவாரம். அந்தத் தாரும் சுத்தமான தார் இல்லை. ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். தார் பளபளவென்று இருக்கும், வளைவின் உள்பக்கம் மட்டும் மலையிலிருந்து வழிந்த மணல் ஒரு கை அகலத்துக்குப் படிந்திருக்கும். முன் பிரேக்கைப் பிடித்தபடி அதன் மேல் ஏறுகிற அந்தக் கண நேரத்துக்குத்தான் முன் ஏபிஎஸ்.

ஜவ்வாது மலையில் டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். முன்னால் சாமை மூட்டை, பின்னால் வீட்டம்மா, டிரம் பிரேக். ஏபிஎஸ் என்கிற பேச்சே இல்லை. ஆட்டோ கிளட்ச் என்பதால், வேகம் ரொம்பக் குறைந்துவிட்டால் என்ஜின் பிடியும் கிடைக்காது. ஆனாலும் நம்மை விட நிதானமாக இறங்குகிறார்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தை முழுக்கக் குறைத்துவிடுகிறார்கள், நடுவில் வேகம் ஏற விடுவதே இல்லை. நாம் மேலே இருந்து ஜாலியாக வந்துவிட்டு நடுவில் பிரேக்கைத் தேடுகிறோம், பிறகு ஏபிஎஸ்ஸைத் திட்டுகிறோம்.

ஸ்விட்ச் இல்லாத வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் டயரைப் பாருங்கள். மண்ணைக் கவ்வுகிற பெரிய கட்டைகள் வைத்த டயரும், மண்ணுக்கு ஏற்றபடி கொஞ்சம் குறைத்த காற்றும், முதல் கியரில் கிளட்சை விட்டுவிட்டு என்ஜினை இழுக்கவிடுவதும் சேர்ந்தால் பாதி இறக்கங்களில் பின் பிரேக்கைத் தேடவே வேண்டியிருக்காது. பின்னால் பெரிய சைஸ் சக்கரம் மாற்றும் யோசனை இருந்தால் ஒன்று கவனியுங்கள். முன், பின் சக்கர வேகங்களின் விகிதம் மாறும்போது ஏபிஎஸ் குழம்பும். அப்படியும் ஒரு மோசமான இறக்கத்துக்காக ஃபியூஸை எடுத்தே தீருவேன் என்றால், நான் மேலே சொன்னதற்கு விரோதமாகவே ஒன்று சொல்கிறேன். எடுத்த ஃபியூஸைப் பையில் போடாதீர்கள், சாவிக்கொத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். தார் ஏறி அடுத்த தடவை சாவியைத் தொடும்போது கையில் தட்டுப்படும். அங்கேயே நின்று மாட்டுங்கள். அமிர்தி பக்கம் காப்புக்காட்டுக்குள் இறங்கி இதையெல்லாம் முயற்சி செய்யாதீர்கள், வனத்துறைக்காரர்கள் ஏபிஎஸ் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

அட்வென்ச்சர் பைக் செகண்ட் ஹேண்டில் பார்க்கிறவர்கள் விலை பேசுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும். வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் பிடித்ததும் அணைய வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் ஏபிஎஸ்ஸில் கோளாறு, பெரும்பாலும் சென்சாரோ ஃபியூஸோ போயிருக்கும். சாவி போட்டும் விளக்கே எரியவில்லை என்றால், யாரோ அதை மறைத்துவைத்திருக்கலாம். பின் சக்கரத்துக்குக் கீழே குனிந்து சென்சார் வயரை நுனி வரை விரலால் தடவிப் பாருங்கள், ஒட்டு போட்ட இடம் இருந்தால் விரலுக்குத் தெரியும். இதையெல்லாம் பார்த்த பிறகு விலையைப் பேசுங்கள்.