ஹிரேபெங்கல் கல்லறைகள் குள்ளர்களின் வீடுகள் அல்ல

கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டத்தில் ஹிரேபெங்கல் குன்றின் மேல் நிற்கும் கல் அறைகளின் படத்தோடு, "இரண்டடி உயரக் குள்ளர்கள் வாழ்ந்த வீடுகள்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

இவை பெருங்கற்கால ஈமச்சின்னங்கள், அதாவது இறந்தவர்களுக்காகப் பெரிய கற்களால் எழுப்பிய பழங்காலக் கல்லறைகள். பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்திருக்கிறார்கள். சிலவற்றில் உள்ள வட்டத் துளையைத்தான் வாசல் என்கிறது செய்தி. அப்படியென்றால் உள்ளே என்ன இருக்கும்? கர்நாடகத்திலேயே உள்ள பிரம்மகிரியில் 1947இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் இதே வகைக் கல்லறைகளை அகழ்ந்தார். கிடைத்தவை மனித எலும்புகள், பானைகள், இரும்புக் கருவிகள். குள்ளர் கதை ஊர்மக்களின் பழைய நம்பிக்கை. அதை மதிக்கலாம், வரலாறாக்கக் கூடாது.

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2021 முதல் இந்த இடம் இருக்கிறது. யுனெஸ்கோ இணையதளத்திலேயே பார்க்கலாம். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.