நடந்து வந்தால் ரூம் கிடையாதா?

வண்டி நம்பர் இல்லாத ஆளுக்கு இந்தச் சாலையில் படுக்க இடம் கிடையாது. லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கி இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிகிறது.

சென்னையிலிருந்து ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்கு நடக்கிறவர்கள் நாங்கள். சுமார் 150 கிலோமீட்டர். சிலர் அங்கேயே நிறுத்திக்கொள்வார்கள், சிலர் கடலூர் தாண்டி வடலூர் வரை போவார்கள். மாமல்லபுரம் வரை பிரச்சினை இல்லை, கையில் காசிருந்தால் எங்கேயும் படுக்கலாம். சனி, ஞாயிறில் வாடகையைக் கேட்டால்தான் தலை சுற்றும். கல்பாக்கத்தைத் தாண்டி, பாலாற்றையும் தாண்டிய பிறகுதான் பாடு ஆரம்பிக்கிறது. கல்பாக்கத்திலிருந்து மரக்காணம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். காரில் போகிறவருக்கு ஒரு மணி நேரம். நடக்கிறவருக்கு இரண்டு நாள், நடுவில் ஒரு ராத்திரி. அந்த ஒரு ராத்திரிக்கு நாங்கள் படுகிற பாடு இருக்கிறதே!

கூவத்தூர் தாண்டி ஒரு ஊர், பெயர் வேண்டாம். கீழே ஹார்ட்வேர் கடை, மேலே லாட்ஜ். மேசையில் நீளமான ரிஜிஸ்டர். பெயர், அப்பா பெயர், விலாசம், எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், எல்லாம் எழுதினேன். கடைசிக் கட்டம் வண்டி நம்பர். அதில் ஒரு கோடு போட்டேன். மேனேஜர் நிமிர்ந்தார்.

“வண்டி எங்க சார்?”

“வண்டி இல்லைங்க, நடந்து வரேன்.”

“நடந்துன்னா… எங்கேர்ந்து?”

“மெட்ராஸ்லேர்ந்து.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். புழுதி படிந்த ஷூவைப் பார்த்தார், முதுகுப் பையைப் பார்த்தார். போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டு வந்தார். “ஓனர் வேணாங்கறார் சார். சிங்கிள் ஆளுக்கு நாங்க கொடுக்கறதில்ல.” என் ஆதார் கார்டு அவர் மேசைமேல்தான் கிடந்தது. அட்வான்ஸ் பணம் என் கையில் இருந்தது. அவருக்குப் பின்னால் சுவரில் பாதி ரூம் சாவி தொங்கிக்கொண்டிருந்தது!

ஏன் கொடுப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தனியாக வருகிறவர் ரூமுக்குள் ஏதாவது செய்துகொண்டால் போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டுமே என்ற பயம். சரி, பயம் நியாயம். அதற்காக, நிஜமாகவே மனசு உடைந்து ஒருவர் வந்து நின்றாலும் ராத்திரி ஒன்பது மணிக்கு அவரை ஹைவேயில் தள்ளிக் கதவைச் சாத்துவீர்களா? அப்படி ஒருவர் வந்தால் உட்கார வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, சாப்பிட்டீங்களா என்று கேட்க வேண்டாமா?

எங்களோடு நடக்கிற தோழிக்கு இன்னும் மோசம். தனியாகப் போனால், “கூட யாரும் வரலையாம்மா?” கூட நடக்கிற நண்பரோடு போனால், “நீங்க ரெண்டு பேரும் யாரு?” கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஓட்டல் அறையில் தங்குவது குற்றமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019லேயே சொல்லிவிட்டது. அவர்கள் கேட்டதோ தனித்தனியாக இரண்டு ரூம். அதுவும் இல்லை என்றார்கள்.

அப்புறம் சாப்பாடு. வெயிலுக்குப் பயந்து விடிகாலை நாலு மணிக்கே கிளம்புகிறோம். பதினொரு மணிக்கு ஒரு ஊருக்குள் நுழைந்தால், “டிபன் முடிஞ்சுபோச்சு, மீல்ஸ் பன்னெண்டரைக்கு.” சாயங்காலம் நாலு மணிக்கு இன்னொரு ஊர். “மீல்ஸ் முடிஞ்சுபோச்சு, டிபன் ஆறரைக்கு.” நடுவில் டீ, பிஸ்கட், எண்ணெய் வடிகிற பஜ்ஜி. ராத்திரியில் பரோட்டாக் கடை. சால்னா தொடாத எங்கள் நண்பர் ஒருவர் பரோட்டாவைச் சர்க்கரையில் தொட்டுத் தின்றுவிட்டு மறுநாள் முழுக்க நடந்தார். இரண்டு கரண்டி தயிர் சாதம் எடுத்து வைக்க முடியாத ஊரா இதெல்லாம்?

கடப்பாக்கம் பக்கம் ஒரு புளியமரத்தடியில் அக்கா ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தே, “பழைய சோறு இருக்கு, சாப்பிடறியாப்பா?” என்பார். மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும் தட்டில் வைப்பார். இருபது ரூபாய் வாங்குவார். இப்போது மாமல்லபுரம் - புதுச்சேரி சாலை என்எச் 332ஏ, நாலு வழியாக அகலமாகிறது. மரமும் போயிற்று, கடையும் போயிற்று. அந்த அக்கா எங்கே போனார் என்று கேட்கக்கூட அங்கே ஆள் இல்லை. எட்டு சக்கர லாரிக்கும் சொகுசு பஸ்ஸுக்கும் இடம் ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு, ஓரமாக நடக்கிறவர் உட்கார ஒரு நிழல் ஒதுக்கத் தெரியவில்லை.

ரிசார்ட் மட்டும் வேண்டிய அளவு இருக்கிறது. 2017ல் அதிமுக எம்எல்ஏக்களைக் கொண்டுவந்து தங்க வைத்தபோது கூவத்தூர் ரிசார்ட்டை நாடே டிவியில் பார்த்தது. ஒரு கட்டிலும் ஒரு ஃபேனும் போதும் என்று வருகிறவருக்கு அந்த வட்டாரத்தில் கதவு திறக்க மாட்டேன் என்கிறது.

நடந்து வருகிறவருக்கு இடமும் சோறும் கொடுப்பது நமக்குத் தெரியாத விஷயமும் இல்லை. தஞ்சையிலிருந்து ராமேஸ்வரம் போகிற வழி நெடுக மராத்திய ராஜாக்கள் சத்திரம் கட்டி வைத்தார்கள். ஒரத்தநாட்டில் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரம் இன்னும் நிற்கிறது. வழிப்போக்கருக்குச் சோறு, காய்ச்சல் வந்தால் வைத்தியர், பிள்ளைத்தாய்ச்சி வந்தால் பிரசவம் பார்த்து அனுப்பவும் ஏற்பாடு. வடலூரில் வள்ளலார் 1867ல் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது, யார் என்ன என்று கேட்காமல் இலை போடுகிறார்கள். புரட்டாசியில் பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருப்பதிக் குடை கிளம்பட்டும், யானைகவுனி தாண்டி, குடையோடு நடக்கிற ஆளுக்குத் தெருவுக்குத் தெரு மோரும் பொங்கலும் கொடுப்பார்கள். அதே ஆள் ஐப்பசியில் தனியாக நடந்து வந்தால் சந்தேகக் கேஸ்!

அமெரிக்காவில் அப்பலாச்சியன் டிரெயில் என்று சுமார் 3,500 கிலோமீட்டர் நடைவழி இருக்கிறது. அது வர்ஜீனியாவில் டமாஸ்கஸ் என்கிற குட்டி ஊருக்குள்ளேயே புகுந்து போகிறது. நடந்து வருகிறவர்களுக்காக அந்த ஊர் 1987ல் ஒரு திருவிழாவே ஆரம்பித்தது. முதுகுப் பையோடு வருகிறவரால்தான் அங்கே வியாபாரம். நாங்களும் காசு கொடுக்கத்தானே வருகிறோம்?

இந்தச் சாலையில் எத்தனை கல்யாண மண்டபம்! முகூர்த்தம் இல்லாத நாளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. டைனிங் ஹாலில் ஒரு பாய், ஒரு ஃபேன், பாத்ரூம் சாவி, அவ்வளவு போதும். 200 கேளுங்கள், 300 கேளுங்கள், கொடுக்கிறோம். ஆதார் நகலை வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் பெயர் எழுதிக் கொடுக்கச் சொன்னால் நாங்களே போய் எழுதிக் கொடுக்கிறோம். விடிகாலை நாலு மணிக்கு ஹாலைப் பெருக்கிவிட்டுக் கிளம்பிவிடுவோம்.

தை பிறந்ததும் மறுபடி நடக்கிறோம். கூவத்தூருக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் மண்டபம் வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், சரி வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.