பனியன் கம்பெனிதான் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தது

எங்கள் ஆபீஸில் வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் நடந்தது இந்நேரம் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். இன்னொரு முறை டெஸ்ட் பண்ணாமல் கொடுக்க மாட்டேன் என்று சொன்ன புதுப் பையனை, "இது என்ன திருப்பூர் பனியன் கம்பெனியா, பீஸ் பீஸாகப் பார்க்க?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டார் ஆபீஸில் ஒருவர். சிரித்தவர்களில் தமிழர்களும் உண்டு. அதுதான் எனக்கு ஆறவில்லை. விளையாட்டாகச் சொன்னாராம், எனக்கு மெசேஜ் வந்தது. எனக்கு எதற்கு? அந்தப் பையனிடம் சொல்லுங்கள்.

ஆமாம், பனியன் கம்பெனிதான். பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் உட்கார்ந்து நான் பார்க்கிற வேலைக்கு அடிப்படை அங்கே கற்றது.

ப்ளஸ் டூ ரிசல்ட் வரும்வரை திருப்பூரில் அவினாசி ரோடு பக்கம் ஒரு கம்பெனியில் செக்கிங்குக்குப் போனேன். பிசிறு வெட்டி, தையல் பார்த்து அடுக்க வேண்டும். ஒருநாள் ராத்திரி வாசலில் லாரி நிற்கிறது, சூப்பர்வைசர் கத்துகிறார். பக்கத்து டேபிள் அக்கா ஒரு பீஸில் கைக்குழித் தையல் விட்டிருப்பதைப் பார்த்தார். பேக்கிங்குக்குப் போன கட்டைத் திரும்ப வாங்கி முழுக்க அவிழ்த்தார். அவருக்குப் பீஸ் ரேட்டு, மறுபடி பார்ப்பதற்குக் காசு கிடையாது. "இது திரும்பி வந்தா நம்ம ஊரு பேருதான் கெடும், கண்ணு" என்றார். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரே ஊரிலிருந்து போவது இப்படிப்பட்ட அக்காக்களால்தான். இன்று அந்த டேபிள்களில் பீகார், ஒடிசா பிள்ளைகளும் நிற்கிறார்கள், அதே அக்கறையோடு.

'நொய்யல் ஆற்றைக் கெடுத்த ஊருக்குப் பெருமை வேறா?' என்று ஒருவர் நிச்சயம் வருவார். நொய்யல் கெட்டது உண்மை. ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி விவசாயிகள் அழுதது உண்மை. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்கள் தெருவில் எத்தனையோ பேருக்கு வேலை போனது, ஆனாலும் அது சரியான உத்தரவு. அந்தப் பாவத்தை செக்கிங் டேபிளில் நின்றவர்கள் தலையில் கட்டாதீர்கள். கூலி கம்மி, ஒன்றரை ஷிப்ட் வாங்குகிறார்கள் என்பீர்கள். சரி, அதைப் பேசுவோம், இன்னொரு நாள்.

பெங்களூர் வந்ததும் நம்மவர்களே ஊர் பெயரைச் சொல்லக் கூசுகிறார்கள். கேட்டால் 'கோயம்புத்தூர் பக்கம்' என்கிறார்கள். 2009-லேயே திருப்பூர் தனி மாவட்டம் ஆகிவிட்டது, இன்னும் என்ன பக்கம்? என் அம்மா பவர் டேபிளில் தைத்துத்தான் என் காலேஜுக்குப் பணம் கட்டினார். அதை நான் யாருக்காக மறைக்க வேண்டும்?