மார்ச் 20-ல் வசந்தம், காலண்டரில்

வேலூர் வெயிலுக்குப் பயந்து மார்ச் மாதமே டொரன்டோவுக்கும் ஒட்டாவாவுக்கும் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்புகிற அப்பா அம்மாக்களுக்காக இந்தப் பதிவு. "அங்க ஸ்பிரிங் வந்துடுச்சாம்" என்று கனமான ஜாக்கெட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு, அந்த எடைக்கு ஊறுகாயும் மிளகாய்த்தூளும் ஏற்றுகிறார்கள். வேண்டாம். என்னைக் கேட்டால் அங்கே ஜனவரியைவிட மார்ச்தான் படுத்தும்.

ஜனவரியில் மைனஸ் 15 என்றாலும் பனி மாவு மாதிரி உலர்ந்திருக்கும், தட்டினால் உதிர்ந்துவிடும். மார்ச்சில் டொரன்டோ பகலில் 4, 5 டிகிரி. ராத்திரி மைனஸ் 4 பக்கம். பகலெல்லாம் உருகும், ராத்திரி உறையும். நடைபாதை முழுக்க கூழ்.

மார்ச் 20-ல் சூரியன் ஏறும் உயரம்தான் செப்டம்பர் 22-லும். செப்டம்பரில் அரைக்கைச் சட்டையோடு திரிகிற ஊர், மார்ச்சில் ஏன் விறைக்கிறது? பனி மூடிய தரையில் விழும் வெயிலில் பெரும்பங்கு அப்படியே திரும்பிப் போகிறது. மிச்சச் சூடு உருக்குவதற்கே சரியாகிவிடும். ஒரு கிலோ ஐஸை பூஜ்யம் டிகிரித் தண்ணீராக்கச் செலவாகும் சூட்டில் அதே தண்ணீரை 80 டிகிரி வரை காய்ச்சிவிடலாம்! போதாததற்கு ஒன்டாரியோ ஏரி. அந்தப் பக்கமிருந்து காற்று திரும்பினால் மதியத்து இளஞ்சூடு காணாமல் போகும்.

ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்குத் தோலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பச்சைத் தோலில் நாம் உப்பு அடிப்பது ஈரத்தை இழுக்க. அங்கே ஐஸ் உருக ரோட்டில் கொட்டுவதும் உப்புதான். அந்த உப்புத்தண்ணி பூட்ஸில் ஏறிக் காய்ந்தால் விரல் மடியும் இடத்தில் அலை அலையாக வெள்ளைக் கோடு தெரியும். நாலு நாள் கவனிக்காமல் விட்டால் அந்த மடிப்பிலேயே தோல் விறைத்து வெடிக்கும். வீட்டுக்கு வந்ததும் வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு கலந்து துணியில் நனைத்து ஒற்றித் துடையுங்கள். உள்ளே செய்தித்தாளைத் திணித்து ஓரமாகக் காயவிடுங்கள். அவசரப்பட்டு ஹீட்டர் மேல் வைத்தால் ஜோடி போச்சு. தோல் பூட்ஸை விசேஷத்துக்கு வைத்துக்கொண்டு, தினப்படிக்கு கணுக்காலுக்கு மேல் வரும் தண்ணீர் புகாத ரப்பர் அடி பூட்ஸ் வாங்குவதே புத்திசாலித்தனம்.

காலை 7 மணிக்குத் தார் ரோடு ஈரமாகப் பளபளத்தால் நம்பாதீர்கள், மேலே கண்ணாடி மாதிரி ஐஸ் படலம் இருக்கலாம். கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, சின்னச் சின்ன அடியாக, முழுப் பாதமும் பதிய நடக்க வேண்டும். வழுக்கும்போது கையை ஊன்றித்தான் வயதானவர்களுக்கு மணிக்கட்டு முறிகிறது. பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள் பட்டை கிடைக்கும், நல்ல பொருள். ஆனால் கடைக்குள் நுழையுமுன் கழற்றிவிடுங்கள். டைல்ஸில் அதுவே ஆளைத் தள்ளிவிடும்.

உடுப்பு: உள்ளே தெர்மல், நடுவில் ஃப்ளீஸ், வெளியே தண்ணீர் புகாத ஜாக்கெட். காட்டன் சாக்ஸ் ஒருமுறை நனைந்தால் சாயங்காலம் வரை ஈரம்தான், கம்பளி சாக்ஸ் எடுங்கள். ஏலகிரிக்குப் போட்டுப்போன ஸ்வெட்டர் வீட்டுக்குள் போட ஆகும்.

ஏப்ரலில் நாலு நாள் வெயில் அடித்ததும் மகள் வீட்டுக் கறிவேப்பிலைத் தொட்டியைப் பால்கனிக்குத் தூக்குகிறவர்கள் உண்டு. ஒரு ராத்திரி உறைபனி போதும், இலையெல்லாம் கருகிவிடும். அந்த ஊர்க்காரர்களே தக்காளி நாற்றை வெளியே நட விக்டோரியா நாள் வரை பொறுக்கிறார்கள், அதாவது மே 25-க்கு முந்தைய திங்கள்கிழமை. அதற்கப்புறமும் ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் என்றால் தொட்டியை உள்ளே எடுத்துவிடுங்கள்.