பள்ளிக்கூடச் சாவி யார் கையில்?

எழுதிக் கேட்டால் கிடைக்காது, போனில் சொன்னால் கிடைக்கும். மாநகராட்சிப் பள்ளிக் கட்டடத்தை ஊர்க்காரர்கள் பயன்படுத்துவதற்கு நான் பார்த்த அளவில் நடைமுறையில் இருக்கும் விதி இது ஒன்றுதான்.

சென்னையில் எங்கள் பெரம்பூர் பக்கத்தில் நாலைந்து பெற்றோர் சேர்ந்து, ஞாயிறு மாலைகளில் பள்ளி மைதானத்தைப் பிள்ளைகள் விளையாடத் திறந்துவிடச் சொல்லி மனு கொடுத்தோம். "மேலே கேட்கணும்" என்றார்கள். மேலே என்றால் மண்டல அலுவலகமா, மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையா, அதற்கும் மேலா என்று இன்றுவரை தெரியவில்லை. மனு இன்னும் மேலே போய்க்கொண்டே இருக்கிறது. இதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே மைதானத்தில் ஷாமியானா, வாடகை நாற்காலி, பிரியாணி அண்டா, ஆளுயர ஸ்பீக்கர். ஒரு பிரமுகருக்குப் பிறந்தநாள். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். எழுதினால் கமெண்ட் முழுக்க அதுதான் ஓடும், பள்ளிக்கூடம் காணாமல் போய்விடும். எல்லாக் கட்சிக்காரர்களும் செய்வதுதான்.

மறுநாள் காலை என்ன நடந்தது என்பதைத்தான் நான் சொல்ல வேண்டும். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு பிள்ளைகள் எட்டு மணிக்கே வந்துவிடுகிறார்கள். அன்றைக்கு வந்தபோது தூய்மைப் பணியாளர் அக்கா ஒருத்தியே எலும்புகளைக் கூட்டிக்கொண்டிருந்தார், நாலு நாய்கள் சுற்றி நின்றன. மேலே இருந்த சின்டெக்ஸ் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கழிவறைகளில் பெண் பிள்ளைகளுடையதைத்தான் விருந்தாளிகள் அதிகம் பயன்படுத்தியிருந்தார்கள், காரணம் அதில்தான் தாழ்ப்பாள் இருந்தது. இரண்டாம் வகுப்பு அறையைச் சமையல் சாமான் வைக்கத் திறந்துவிட்டிருக்கிறார்கள். 'எண்ணும் எழுத்தும்' வகுப்புக்காக டீச்சர் கையால் வரைந்து ஒட்டியிருந்த எண் அட்டையில் பாதியைக் கிழித்து யாரோ கை துடைத்திருந்தார்கள். நாற்பத்தொன்றிலிருந்து நூறுவரை போயே போச்சு. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. மீதி அட்டையை மடித்து பீரோவில் வைத்துவிட்டுக் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தார்.

இதைப் படித்துவிட்டு "அதனால்தான் பூட்டியே வைக்க வேண்டும் என்கிறோம்" என்று யாராவது வந்தால், அந்தக் கட்சியில் நான் இல்லை. திறக்கச் சொல்லும் கட்சிதான் நான். ஒரு பள்ளிக்கூடம் சாயங்காலம் நாலரைக்குப் பூட்டினால் மறுநாள் காலைவரை சும்மா கிடக்கிறது. சனி, ஞாயிறு சும்மா. மே மாதம் முழுக்கச் சும்மா. வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர் பக்கம் ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும் குடும்பங்கள் எத்தனை! அந்த வீட்டுப் பையன் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்க வேண்டும் என்றால் தெரு விளக்கு இருக்கிறது, இல்லையென்றால் மொட்டை மாடி. 2024 நவம்பரில் கொளத்தூரில் 'முதல்வர் படைப்பகம்' என்ற படிப்பு மையத்தைத் திறந்தபோது, படிக்க ஓர் இடம் வேண்டும் என்பது எவ்வளவு பெரிய தேவை என்று எல்லாருக்கும் புரிந்தது. அந்த மாதிரிக் கட்டடம் வார்டுக்கு ஒன்று கட்ட முடிந்தால் நல்லதுதான். அதுவரைக்கும், மின்விசிறியும் டெஸ்க்கும் லைட்டும் ஏற்கெனவே இருக்கிற அறைகள் பூட்டிக் கிடக்கின்றனவே.

அப்புறம் கேரம். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா வட சென்னைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். இந்தப் பக்கத்துச் சந்துகளில் கேரம் ஆடும் பிள்ளைகள் எந்த மாதிரி இடங்களில் பழகுகிறார்கள் என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். நாலு போர்டு போட்டால் ஆள் நகர முடியாத அறை, மழை வந்தால் ஒழுகும் ஷீட் கூரை. பக்கத்திலேயே மாடி வைத்த பள்ளிக்கூடம். மாலை ஆறிலிருந்து எட்டுவரை ஒரே ஒரு அறை கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் யாருக்கும் இல்லைதான், ஆனால் பயம் ஒருவருக்கு இருக்கிறது. ஹெச்.எம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். அறையைக் கொடுத்து ஏதாவது ஒன்று உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஸ்மார்ட் போர்டு போன்ற விலை உயர்ந்த சாமான்களெல்லாம் வகுப்பறைக்கு வந்த பிறகு இந்தப் பயம் இன்னும் கூடியிருக்கிறது. கொடுக்க மாட்டேன் என்றால், மனு எழுதுகிற எங்களிடம் சொல்லிவிடலாம், நாங்கள் கேட்டுக்கொண்டு போய்விடுவோம். போனில் பேசுகிறவரிடம் சொல்ல முடியுமா? "ஒரு நாள்தானே மேடம், ஒண்ணும் ஆகாது" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்போது, "விதி இடம் கொடுக்கலைங்க சார்" என்று காட்ட அவர் கையில் ஒரு தாள்கூட இல்லை. விதி வேண்டும் என்று நான் கேட்பது முதலில் ஹெச்.எம்.முக்காகத்தான். இல்லை என்று சொல்லும் பாரத்தை அவர் தலையிலிருந்து இறக்கி, வாசலில் தொங்கும் ஒரு பலகையின் மேல் ஏற்ற வேண்டும்.

அரசாங்கம் தனக்கு வேண்டும்போது இதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்கிறது. வாக்குச்சாவடிக்காக ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்ள 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 160-ஆவது பிரிவு இருக்கிறது. எந்த அறை, எத்தனை நாள், யார் பொறுப்பு, எல்லாம் தாளில் வரும். வாக்குச்சாவடியாகும் பள்ளிச் சுவர்களைப் பாருங்கள், பாகம் எண் பெயிண்டால் எழுதியிருப்பார்கள், ஐந்து வருஷம் ஆனாலும் அழியாது. ஆசிரியர்களை என்னென்ன வேலைக்குக் கூப்பிடலாம் என்பதற்கும் சட்டம் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி, கல்வி அல்லாத வேலை என்றால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல், இவ்வளவுதான். பிறந்தநாள் விழாவுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டைத் திறந்துவிட்டு, அண்டா இறங்கும்வரை ஓரமாக நிற்பது அந்தப் பட்டியலில் எங்கே வருகிறது என்று யாராவது சொல்லுங்கள்.

பேரிடர் என்றதும் சாவி விஷயம் ஞாபகம் வருகிறது. 2015 டிசம்பரிலும் சரி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் சரி, தாழ்வான பகுதி ஜனங்கள் போய் ஒண்டியது மாநகராட்சிப் பள்ளிகளில்தான். மிக்ஜாம் அன்று எங்கள் பக்கத்தில் ஒரு பள்ளிக் கேட் முன்னால் முழங்கால் தண்ணீரில் ஜனம் நிற்கிறது, சாவி வைத்திருந்த வாட்ச்மேன் வேறு பகுதியில் அவர் வீட்டுத் தண்ணீரில் மாட்டிக்கொண்டிருக்கிறார். கடைசியில் பைக் மெக்கானிக் பையன் ஒருவன் ஸ்பேனரோடு வந்து பூட்டைக் கழற்றினான். உள்ளே போனால் மாடி அறைகளுக்குத் தனிச் சாவி. அதற்கு இன்னொரு போராட்டம். ஒவ்வொரு பள்ளிக்கும் நடந்து வரும் தூரத்தில் குடியிருக்கும் இரண்டு பேரிடம், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களாக இருந்தால் இன்னும் நல்லது, கையெழுத்து வாங்கிக்கொண்டு மாற்றுச் சாவி கொடுத்து வைப்பதில் என்ன சிரமம்? பருவமழைக்கு முன்னால் மோட்டார், படகு எல்லாம் தயார் என்று படம் போடுகிறார்கள். சாவி தயாரா என்று ஒருவரும் கேட்பதில்லை.

இனி யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது. இதில் எனக்கு நழுவல் பேச்சு கிடையாது. படிப்பு, விளையாட்டு, மருத்துவ முகாம், குடியிருப்போர் கூட்டம், பகுதி சபை, முன்னாள் மாணவர் சந்திப்பு, இதற்கெல்லாம் கொடுக்கலாம். கட்சி நிகழ்ச்சி, சாதிச் சங்கக் கூட்டம், மதப் பிரச்சாரம், விற்பனை, இந்த நான்குக்கும் கூடாது. ஆளுங்கட்சிக்கும் கூடாது, எதிர்க்கட்சிக்கும் கூடாது. என் சாதிச் சங்கமாக இருந்தாலும் கூடாது. 2024-இல் அசோக் நகரிலும் சைதாப்பேட்டையிலும் அரசுப் பள்ளிகளுக்குள் ஓர் ஆன்மிகப் பேச்சாளர் வந்து, போன பிறவிப் பாவ புண்ணியத்தால்தான் ஒருவர் இப்படிப் பிறக்கிறார் என்று மாணவிகளிடம் பேசியதும், பார்வைச் சவால் உள்ள ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து அவரைக் கேள்வி கேட்டதும் நாடு முழுக்கப் பார்த்த விஷயம். அது பள்ளி நேர நிகழ்ச்சி, நான் பேசுவது பள்ளி முடிந்த பிறகு என்பது தெரியும். ஆனால் நோய் ஒன்றுதான்: யார் உள்ளே வரலாம் என்பதை யாருடைய அறிமுகம் பெரியது என்று பார்த்து முடிவு செய்வது. விவகாரம் வெடித்த பிறகு தலைமை ஆசிரியர்களை இடம் மாற்றினார்கள். முன்னாலேயே ஒரு விதி இருந்திருந்தால் அவர்களுக்கும் அது காப்பாக இருந்திருக்கும்.

கோடு போட்டு வைத்த ஊர்களிலும் சண்டை வராமல் இல்லை. நியூயார்க் நகரத்தில் பள்ளி முடிந்த பிறகு கட்டடத்தைப் பயன்படுத்த விண்ணப்பம், அனுமதிச் சீட்டு, திறந்து மூடிச் சுத்தம் செய்யும் ஊழியருக்கான கட்டணம் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கேயே ஒரு தேவாலயம் ஞாயிறு வழிபாட்டுக்குப் பள்ளியைக் கேட்டு இருபது வருஷம் வழக்கு நடத்தியது. கொடுக்க மறுப்பது செல்லும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி, 2015-இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. அதன் பிறகும் அங்கே மேயராக இருந்தவர் தேவாலயங்கள் தொடரலாம் என்று விட்டுவிட்டார். ஆனால் அத்தனை சண்டையும் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விதியை வைத்து, நீதிமன்றத்தில், வெளிச்சத்தில் நடந்தது. இங்கே சண்டை போடக்கூட ஒரு தாள் இல்லை.

கல்யாணம், காதுகுத்து, பதினாறாம் நாள் காரியம் இவற்றில் மட்டும்தான் எனக்குத் தயக்கம். மண்டப வாடகை கேட்டாலே தலை சுற்றும் ஊர் இது. சமுதாய நலக்கூடம் கிடைக்காத ஏழைக் குடும்பம் பள்ளி மைதானத்தைக் கேட்டால் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல மனசு வராது. இருந்தாலும் வேண்டாம் என்றே சொல்கிறேன். சமையல் அண்டா உள்ளே வந்துவிட்டால் அதோடு தண்ணீர், எச்சில் இலை, பாட்டில், விடியும்வரை பாட்டு எல்லாம் வரிசையாக வரும். இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி சொல்கிறது, எந்த விழாவில் அதை மதித்தார்கள்? அந்தக் குடும்பங்களுக்காக நலக்கூடங்களைக் கூட்டச் சொல்லி நாம் கேட்போம்.

கட்டணம் பற்றிப் பேசினால் கோபம் வரும். 2024 அக்டோபரில் செயற்கைப் புல் போட்ட கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, மணிக்கு ஆளுக்கு 120 ரூபாய் வாங்க மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். ஊரே கொதித்தது, உடனே திரும்பப் பெற்றார்கள். சரியான கோபம். மைதானத்தில் ஓடுவதற்குப் பிள்ளைகளிடம் காசு வாங்கக் கூடாது, படிக்க வருகிறவர்களிடமும் கூடாது. ஆனால் நூறு பேரைக் கூட்டி நிகழ்ச்சி நடத்தும் சங்கத்திடம் ஐயாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கி வைத்து, மறுநாள் காலை ஹெச்.எம். சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதில் என்ன தப்பு? சுத்தம் செய்யும் கூலி தனி. அது நேராகத் தூய்மைப் பணியாளர் கைக்குப் போக வேண்டும், கணக்குத் தலைப்பு வழியாகச் சுற்றி வந்தால் அந்த அக்கா கையில் ஒன்றும் சேராது. இப்போதைய நிலைமையில், ஊரார் கொண்டாட்டத்துக்கு உண்மையில் கட்டணம் கட்டுவது அவர்தான், தன் முதுகால்.

முடிவு எடுக்கும் இடம் பள்ளி மேலாண்மைக் குழுவாக இருக்க வேண்டும். பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை, தலைவர் பொறுப்பிலும் ஒரு பெற்றோர்தான், பெரும்பாலும் ஓர் அம்மா. குழு ஏழு நாளுக்குள் சரி அல்லது இல்லை என்று எழுத்தில் சொல்ல வேண்டும். இல்லை என்றால் காரணமும் எழுத வேண்டும். யாருக்கு, எந்தத் தேதிக்கு, எந்த அறை கொடுத்தார்கள் என்பது வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்க வேண்டும், தெருவில் போகிறவர் படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில். வகுப்பறைகளில் கீழ்த்தளம் மட்டும், ஒன்றாம் இரண்டாம் வகுப்பு அறைகளும் சமையல் கூடமும் எக்காரணம் கொண்டும் கிடையாது. மற்றதெல்லாம் குழுவே பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.

"குழுவிலும் அதே கவுன்சிலர் ஆட்கள்தானே" என்று ஒரு நண்பர் கேட்டார். சில இடங்களில் உண்மைதான். ஆனால் தன் பிள்ளை திங்கட்கிழமை உட்காரப் போகும் அறையைப் பற்றி ஓர் அம்மா முடிவு எடுப்பதற்கும், போன் பேசுகிறவர் முடிவு எடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பலகையில் பெயர் எழுத வேண்டும் என்றாலே பாதிப் பேர் போன் பண்ணமாட்டார்கள்.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பக்க மனுவாக, தமிழில், கொடுக்கப் போகிறோம். மாற்றுச் சாவி, வாசல் பலகை, முன்பணம், கேரம் பிள்ளைகளுக்கு மாலையில் ஓர் அறை, இந்த நான்கு மட்டும்தான் கேட்கிறோம். எங்கள் பள்ளியில் பிள்ளை படிக்கும் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் தாள் இருக்கும். வேறு வார்டுக்காரர்கள் யாராவது உங்கள் பள்ளியில் இப்படி ஒரு ஏற்பாடு ஏற்கெனவே செய்து நடத்திக்கொண்டிருந்தால் எப்படி என்று கமெண்டில் எழுதுங்கள், மனுவில் சேர்த்துக்கொள்கிறோம்.