இடுப்பில் செயற்கைத் தட்டு: மூன்று வருடக் கணக்கு

முதுகில் செயற்கைத் தட்டு வைக்கும் அறுவை பற்றிய ஒரு கட்டுரையில், 'ஆறு வாரத்தில் வேலைக்குத் திரும்பலாம்' என்று இருக்கிறது. என்ன வேலை என்று சொல்லவில்லையே! சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறவன் நான். கீழ்முதுகில், எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் தட்டை எடுத்துவிட்டுச் செயற்கைத் தட்டு வைத்து மூன்று வருடம் ஆகிறது. காலுக்கு இறங்கிய வலி நின்றது, உண்மை. ஆனால் அறுந்த இழையை முடிச்சுப் போடக் குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. தட்டுக்குப் பின்னால் உள்ள சிறு மூட்டுகள் முன்பே தேய்ந்திருந்தால் வலி தங்கிவிடுமாம். அறுவைக்கு முன் யாரும் இதைச் சொல்லவில்லை. வயிற்றுப் பக்கமாகத் திறந்துதான் தட்டைப் பொருத்தினார்கள். மறுபடி திறந்தால், பெரிய இரத்தக் குழாய்கள் தழும்போடு ஒட்டியிருக்கும், ஆபத்து அதிகம். அதனால் பிசியோதெரபியோடு ஓட்டுகிறேன். கோவை பஸ்ஸில் கடைசி இருக்கை மட்டும் காலியாக இருந்தால், நின்றுகொண்டே போகிறேன்.