மூன்று அனார்கலி, ஒரே ரூபி

பழைய நடிகைகளின் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பகிரும் பக்கங்களில் சுலோசனாவின் படம் மாதத்துக்கு ஒருமுறையாவது வந்துவிடும். கூடவே ஒரு வரி: ‘ஊமைப்பட ராணி, பேசும் படம் வந்ததும் மொழி தெரியாமல் ஒழிந்துபோனார், பாவம்.’ கீழே வரிசையாக அழுகிற முகங்கள். இந்தப் ‘பாவம்’ எனக்கு ரொம்ப நாளாகவே உறுத்துகிறது. அதற்காகத்தான் இந்த நீளமான பதிவு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்திப் படங்களில் அம்மாவாக வந்து வந்தே பேர் வாங்கிய சுலோசனா லாட்கர் வேறு. நான் சொல்வது ரூபி மையர்ஸை. 1907இல் புனேயில் பிறந்தவர், பாக்தாதி யூத வம்சாவளி. டெலிபோன் ஆபரேட்டராக இருந்த பெண்ணைக் கோஹினூர் பிலிம் கம்பெனியின் மோகன் பவ்னானி நடிக்கக் கூப்பிட்டார். முதலில் முடியாது என்று சொல்லிவிட்டு அப்புறம் ஒத்துக்கொண்டார் என்பார்கள். 1925இல் ‘வீர் பாலா’ வந்தது.

தயங்கியதில் ஆச்சரியமில்லை. 1913இல் பால்கே இந்தியாவின் முதல் முழுநீளப் படமான ‘ராஜா ஹரிச்சந்திரா’வை எடுத்தபோது ஹரிச்சந்திரனின் மனைவி தாராமதியாக நடிக்க ஒரு பெண் கிடைக்கவில்லை. சாலுங்கே என்ற இளைஞர்தான் புடவை கட்டிக்கொண்டார். நாலு வருடம் கழித்து ‘லங்கா தகன’த்தில் ராமனும் அவரே, சீதையும் அவரே! குடும்பப் பெண்கள் காலடி வைக்காத அந்த இடத்துக்குத்தான் யூத, ஆங்கிலோ இந்தியப் பெண்கள் வந்தார்கள். வந்தவுடன் பெயர் மாறியது. ரெனீ ஸ்மித் சீதா தேவி ஆனார். ரூபிக்குக் கிடைத்தது இந்திரஜித்தின் மனைவி பெயர், சுலோசனா. திரையில் முகம் வேண்டும், சொந்தப் பெயர் மட்டும் வேண்டாம் என்பது என்ன மாதிரியான ரசனையோ!

ஆனால் பேச்சில்லாத சினிமாவில் இது எல்லாமே நடக்கும். வசனம் அட்டையில் வரும், எழுத்துத் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். கதாநாயகி வீட்டில் எந்த மொழி பேசுகிறாள் என்று யாருக்குக் கவலை? 1926இல் ‘டைப்பிஸ்ட் கேர்ள்’. அடுத்த வருடம் ‘வைல்ட்கேட் ஆஃப் பாம்பே’. அதில் அவருக்கு எட்டு வேடம். தோட்டக்காரர், போலீஸ்காரர், ஹைதராபாத் கனவான், தெருப்பையன், வெள்ளைக்காரி என்று ஒரு பட்டியல். 1927இல் ஒரு இருபது வயதுப் பெண் போலீஸ்காரராக வந்தார் என்றால், அதை ஏற்றுக்கொண்ட பார்வையாளர்களையும் நாம் குறைத்து மதிப்பிட்டு வைத்திருக்கிறோம்.

அப்புறம் இம்பீரியல் கம்பெனிக்கு வந்தார். மாதம் 5,000 ரூபாய் சம்பளம், பம்பாய் கவர்னரைவிட அதிகம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1928இல் அனார்கலி கதையை (முகலாய இளவரசர் சலீமைக் காதலித்த அரண்மனை நடனப் பெண்ணின் கதை) சீதா தேவியை வைத்து வேறொரு கம்பெனி எடுத்துக்கொண்டிருந்தது. இம்பீரியல் அவசர அவசரமாகச் சுலோசனாவை வைத்து அதே கதையை எடுத்து முந்திக்கொண்டது. இன்றைய சினிமா அரசியலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்பவர்கள் கவனிக்கவும்.

சரி, இப்போது அந்த ‘ஒழிந்துபோன’ கதைக்கு வருவோம். 1931இல் இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’ வந்தது. எடுத்தது இம்பீரியல்தான். அந்தக் கம்பெனியின் மிகப் பெரிய நட்சத்திரம் சுலோசனாதான். ஆனாலும் கதாநாயகி சுபைதா. சுலோசனாவுக்கு இந்துஸ்தானி சரளமாக வராது. அடி விழுந்தது உண்மை, மறுக்கவில்லை.

பதிவுகள் எல்லாம் இந்த இடத்தில் முடிந்துவிடுகின்றன. அவர் வாழ்க்கை இங்கே முடியவில்லையே! சுமார் ஒரு வருடம் ஒதுங்கியிருந்து மொழியைக் கற்றார். 1932இல் தன்னுடைய பழைய ‘மாதுரி’யையே பேசும் படமாக்கிக்கொண்டு வந்து நின்றார். ஊமைப்படத்தில் ‘இந்திரா பி.ஏ.’வாக இருந்தவர் 1934இல் ‘இந்திரா எம்.ஏ.’ ஆனார் (பேச ஆரம்பித்ததும் மேல்படிப்பும் முடித்துவிட்டார் போல). 1935இல் மறுபடி ‘அனார்கலி’. 1936இல் அந்த எட்டு வேடப் படம் ‘பம்பாய் கி பில்லி’ என்று திரும்ப வந்தது. நடுவில் ரூபி பிக்ஸ் என்று சொந்தக் கம்பெனி வேறு. மொழி தெரியாமல் ஒழிந்தவர் செய்கிற வேலையா இது?

பிறகு ஏன் மங்கினார்? என் அனுமானம் இது. அவர் பேசக் கற்றுக்கொண்டார், ஆனால் பேசும் படம் கேட்டது பேச்சை மட்டும் இல்லை, பாட்டையும்தான். ‘ஆலம் ஆரா’விலேயே ஏழு பாட்டு. பின்னணிப் பாட்டு பழக்கத்துக்கு வரும்வரை நடிப்பவரே பாட வேண்டும். அதோடு தன் பழைய வெற்றிகளையே திரும்பத் திரும்ப எடுத்தது வியாபாரத்துக்கு நல்லது, நடிகைக்கு நல்லதில்லை என்று நினைக்கிறேன். புதிய சுலோசனா ஒருவர் உருவாகவே இல்லை. அதற்குள் முப்பது வயதும் தாண்டிவிட்டது. நம் சினிமாவில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

1953இல் மீண்டும் ஒரு ‘அனார்கலி’. இந்த முறை அனார்கலி பீனா ராய். சுலோசனாவுக்குச் சலீமின் அம்மா வேடம். இரண்டு தடவை எந்தப் பெண்ணாக நின்று அரண்மனையை எதிர்த்தாரோ, மூன்றாவது தடவை அதே அரண்மனைக்குள் ராணியாக உட்கார வேண்டும். இருபத்தைந்து வருடம், ஒரே கதை. இதைப் பார்த்துத்தான் ‘என்ன வீழ்ச்சி’ என்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. நாற்பத்தாறு வயதில் கூப்பிட்ட வேலைக்குப் போய் ஒழுங்காகச் செய்துவிட்டு வந்த ஒரு தொழில்காரியாகத்தான் தெரிகிறார். இருபதில் காதலி, நாற்பத்தைந்தில் மாமியார், நடுவில் வேடமே கிடையாது என்று வைத்திருக்கிற சினிமாவைப் பார்த்து வேண்டுமானால் பாவம் சொல்லலாம். பிறகும் சின்னச் சின்ன வேடங்களில் வந்துகொண்டிருந்தார். 1973ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது கிடைத்தது. 1983இல் இறந்தார்.

எனக்கு வருத்தம் வேறு ஒரு விஷயத்தில். அந்த எட்டு வேடத்தைப் பார்க்க முடியாது. அக்கால நைட்ரேட் பிலிம் தானாகவே மக்கும், சட்டென்று தீப்பிடிக்கும். மிஞ்சியதை அதிலிருக்கும் வெள்ளிக்காகக் கரைத்து விற்றவர்களும் உண்டு. இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேல் ஊமைப்படங்கள் எடுத்தார்கள், பெரும்பாலானவை போய்விட்டன. அந்த வயதில் அவர் எப்படி நடித்தார் என்பதற்கு நம்மிடம் மிஞ்சியிருப்பவை ஸ்டில்கள்தான். அதை வைத்துக்கொண்டு ‘கண்ணாலேயே பேசினார்’ என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

1953 ‘அனார்கலி’ மட்டும் இணையத்தில் கிடைக்கிறது. பாட்டுகளுக்காகப் பலரும் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை பார்த்தால் பீனா ராயை விட்டுவிட்டு அந்த ராணியம்மாவைக் கொஞ்சம் கவனியுங்கள்.